படித்துவிட்டேன் என்று நான் சொன்ன தாள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் புரூப் பார்க்கிறவன் நான். ராகு காலத்தில் ஓர் எண் மாறினால் வருஷம் முழுக்கத் திட்டு விழும். லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பேன். பைண்டிங் பெண்கள் கேலி பேசுவார்கள்: "அண்ணாச்சி கல்யாணத்துக்குப் போனாலும் பத்திரிகையத் திருத்திட்டுத்தான் பந்தியில உக்காருவாக." எனக்கு அதில் ஒரே பெருமை. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் கூசுகிறது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் மனைவி உண்டானாள். ரத்தப் பரிசோதனையில், பிள்ளைக்கு மரபணுக் குறை இருக்கலாமோ என்று சந்தேகம் வந்தது. உறுதி செய்ய, வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குடத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்காக மதுரைக்குப் போனோம்.

சீசன் நேரம். முருகன் படக் காலண்டர் ஆர்டர் என் மேஜையில் கிடந்தது. மனசும் அங்கேதான் கிடந்தது. ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி தமிழில் அச்சடித்த சம்மதத் தாளை என் மனைவியிடம் நீட்டினாள். "பொறுமையாப் படிங்கம்மா. சந்தேகம்னா கேளுங்க, இந்தா வந்துர்றேன்."

மனைவி பையில் கண்ணாடியைத் தேடினாள். நான் தாளை வாங்கி ஒரு பார்வை ஓட்டினேன். அச்சு சாய்வாக விழுந்திருந்தது கண்ணில் பட்டது. என்ன அச்சாகியிருக்கிறது என்பது படவில்லை.

"படிச்சீகளா?"

"படிச்சுட்டேன். ரத்தம் எடுக்கிற மாதிரிதான். கையெழுத்தப் போடு."

போட்டாள். அந்தப் பெண் திரும்பி வந்து கேட்டபோதும், "எங்களுக்கு எல்லாம் வெளங்கிருச்சும்மா" என்று நானே முந்திக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை தங்கவில்லை. ஊசியாலா, தானாகவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க என் அண்ணன் வந்தான். தட்டு நிறைய மிக்சரை மென்றுகொண்டே, "நல்லதாப் போச்சுலே. குறையுள்ள பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்வே?" என்றான். நான் தலையாட்டினேன்.

மறுவாரம் ரிப்போர்ட் வந்தது. சந்தேகப்பட்ட குறை எதுவும் இல்லை. அண்ணன் மறுபடி வந்தான். மறுபடி மிக்சர். அதே வாய், "ஊசியப் போட்டுக் கொன்னுட்டானுகலே, சும்மா விடக் கூடாது" என்றது. மீசையில் ஓமப்பொடி ஒட்டியிருந்தது. அதற்கும் தலையாட்டினேன். அந்த மீசையைவிட என் தலைதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த சம்மதத் தாளின் நகல்.

"படிங்க. சத்தமா."

படித்தேன். ஐந்தாவது வரியில் இருந்தது: இந்தப் பரிசோதனைக்குப் பிறகு அரிதாகக் கரு கலையலாம் என்பதை அறிவேன். தாளை இறக்கினேன். அண்ணனும் மெல்லுவதை நிறுத்தினான்.

"இது தெரிஞ்சிருந்தாலும் ஊசி போட்டிருப்பேனோ என்னமோ" என்றாள். "ஆனா ரோசிக்க வேண்டியது நான்ல்ல?"

தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து அவளே படிக்க ஆரம்பித்தாள்.