தார் உருகிய கோடையில் மணல் கேட்டு வந்தவர்கள்

உருகும் தார்ச்சாலைக்கு மணல் தூவுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், சித்திரை வெயிலில் ஒற்றைச் செருப்பைத் தாரில் விட்டுவிட்டு வீடு வரை நொண்டிப் போகாதவர்கள்.

பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடையில் நான் ஒரு நகராட்சி மணல் கொட்டகையில் தற்காலிக குமாஸ்தா. எந்த நகராட்சி என்று சொல்லமாட்டேன். சேலம் ஜில்லா என்றால் போதும். மாசியில் ஆறு வற்றும்போது மணல் அள்ளி வந்து, சலித்து, காயவைத்துக் குவிப்பார்கள். பங்குனியில் தார் இளகத் தொடங்கியதும் சாலையில் தூவுவார்கள். சுற்றுவட்டாரத்தில் காய்ந்த, சலித்த மணல் எங்களிடம்தான் இருந்தது. ஆகவே கையேந்தி வராத இலாகா இல்லை. வந்தவர்களோடெல்லாம் நான் மல்லுக்கு நிற்பேன், ஓவர்சியர் அள்ளிக் கொடுப்பார். இன்று சென்னையில் எம்.ஏ. படிக்கிறேன். விடுதி வாசலில் ரோடு போடுகிறார்கள். அந்தத் தார் வாசனைக்கு மனசு எங்கெங்கோ போகிறது. உங்களிலும் தற்காலிக வேலை பார்த்து நிரந்தரக் கோபத்தோடு வெளியே வந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

காலுக்கு ஐட்டம் இல்லை

மணலைச் சலிப்பதும் சுமப்பதும் தூவுவதும் ஒன்பது பெண்கள். அவர்களுக்குத் தலைவி காளியம்மாள். நான் சேர்ந்த வாரமே ஒரு மத்தியானம், அவள் கொட்டகை மூலையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்த தாரோடு தோலும் சேர்ந்து வந்தது. வலிக்கவில்லையா என்று மடத்தனமாகக் கேட்டேன். வலிக்குதுங்க அம்மிணி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்தாள்.

நேராக ஓவர்சியர் அருளப்பன் சாரிடம் போனேன். உருகிய தாரில் வெறுங்காலோடு ஆளை இறக்குவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஒன்பது ஜோடி செருப்பு வாங்கினால் நகராட்சி மூழ்கிவிடுமா என்று கேட்டேன். நல்ல மனுஷர்தான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "பட்ஜெட்டுல மணலுக்கு ஐட்டம் இருக்கு, தாருக்கு ஐட்டம் இருக்கு. காலுக்கு ஐட்டம் இல்லைம்மா."

சக்கரத்துக்கு வந்த கரிசனம்

சூரமங்கலத்திலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர் லாரியோடு வந்தார். ஏற்றத்தில் இஞ்சின் சக்கரம் வழுக்குமாம். சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் விழுந்துகொண்டே இருந்தால்தான் பிடிப்பு கிடைக்குமாம். அவர்கள் மணல் ஈரமாகிவிட்டதால் எங்களிடம் வந்திருந்தார். நாட்டையே கட்டி இழுக்கிற ரயில்வேக்கு எங்கள் ஊர்க் கொட்டகைதானா கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன். அவர் வாதாடவில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். அதற்குள் ஓவர்சியர் தலையாட்டிவிட, காளியம்மாள் கூட்டம் லாரியை நிரப்பத் தொடங்கிவிட்டது.

மணல் இல்லாமல் ஒருநாள் ஓட்டினால்தான் என்ன என்று விடாமல் கேட்டேன். லாரியில் ஏறப்போனவர் திரும்பி நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சக்கரம் தேஞ்சு போயிருமுங்க. வெறுஞ்சக்கரத்தோட அதை ஓட விட எங்களுக்கு மனசு வராதுங்க."

பெரிய வெள்ளிக்கு ஒரு வண்டி

அடுத்து வந்தவர் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை போகிற ஜனங்கள் வெறுங்காலோடு நடப்பார்கள், கோயிலிலிருந்து குன்றடி வரை மணல் தூவினால் புண்ணியம் என்றார். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நடப்பவள்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? வருஷத்தில் ஒருநாள் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு மணல் உண்டு, வருஷமெல்லாம் வெறுங்காலோடு நடந்து அந்த மணலைத் தூவுகிறவளுக்கு என்ன உண்டு என்று கேட்டேன். ஓவர்சியர் தலைக்கு மேல் இருந்த மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சாமியார் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் காளியம்மாள் இருந்த பக்கம் பார்த்தார். ஒரு வண்டி மணலையும் வாங்கிக்கொண்டார். போகும்போது என்னிடம் சொன்னது: "மகளே, பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண நீ வர்றப்ப நான்தான் முழங்கால் போடணும் போலிருக்கு."

மணலுக்கு டயர்

பக்கத்து ஒன்றியத்துத் தலைவர் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சாலைக்கு மணல் கேட்டு வந்த அன்று, என் அதிர்ஷ்டம், ஓவர்சியர் ஊரில் இல்லை. கொடுக்கிற அதிகாரத்தை என்னிடம் விட்டுப் போயிருந்தார். தலைவர் பெரிய பண்ணைக்காரர். சொந்தத்தில் லாரிகளும் ஓடின. வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலைப் பொட்டலம். மணல் தருகிறேன், தேய்ந்த லாரி டயர் நாலு வேண்டும் என்றேன். எதற்கு என்றார். கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒன்பது ஜோடிக் கால்களைக் காட்டினேன். பெண்கள் வெட்கப்பட்டுச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் டயர்கள் வந்து இறங்கின. பஸ் நிலையத்துச் செருப்புத் தைக்கிறவர் அறுத்து, வார் வைத்துக் கொடுத்தார். ஓவர்சியர் திரும்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. மணல் கேட்டு வந்த அன்று தலைவர் வண்டியேறும்போது சொன்னதை இன்றும் நற்சான்றிதழாக வைத்திருக்கிறேன்: "ஏஞ்சாமி, நீ படிச்சது போதும், எங்கூரு மாட்டுச் சந்தைக்குத் தரகு பேச வந்துரு."

பெரிய வீட்டுத் தெரு

டயர் செருப்பு மாட்டிய ஒன்பது பேரும் கடைவீதியில் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். பெரிய வீட்டுத் தெரு முனை வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் கழற்றிக் கூடைக்குள் போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்க சனம் இந்தத் தெருவில செருப்புப் போட்டு நடந்ததில்லீங்க என்றாள் காளியம்மாள். அரசியல் சட்டத்தை அங்கேயே நின்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள், கேட்டுவிட்டு வெறுங்காலோடு தாரில் இறங்கினாள். அன்று சாயங்காலம் அவள் பாதத்தில் புதுக் கொப்புளங்கள்.

அந்த வாரக் கடைசியில் வெயில் கொளுத்தியது. அதே தெருவில் முதல் வீட்டுக்காரரின் கார் தாரில் புதைந்து, அவரே மணலுக்கு ஆள் அனுப்பினார். தெருமுனையில் காளியம்மாள் குனிந்து காலைப் பார்த்தாள். கொப்புளத்தின்மேல் துணி சுற்றியிருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்படியே பின்னால் நடந்தார்கள்.

வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் காளியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். மரியாதை குறையாமல் சொன்னாள்: "கழட்டிட்டு ஊட்டுக்குப் போயிர்றோமுங்க சாமி. கூடை இங்கயே இருக்கட்டும். நீங்களே எறங்கி வந்து தூவிக்குங்க."

அவர் தாரைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். காளியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு செருப்போடு மணல் தூவத் தொடங்கினாள். ரயிலுக்கும் கோயிலுக்கும் ஒன்றியத்துக்கும் மணலைப் பங்கிட்டுக் கொடுத்த எங்கள் ஊர், ஒரு தெருவைப் பங்கிட்டுக்கொள்ளத் தார் உருகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.