காருக்குள் விட்ட பேட்ஜ்

சிட்னியில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அறையில் யார் எதைச் சொன்னாலும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் விதி.

அன்று அரசு இழப்பீட்டு விசாரணைக்கு வந்தவர் நார்த்மீடில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதித்தவர். இப்போது இரத்தப் புற்றுநோய். வேகமான ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது.

உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை எப்போதும் அணிந்திருந்தாரா என்று அதிகாரி கேட்டார்.

அவர் என் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, அளவு கூடினால் வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள். பிறகு விசாவும் போயிடும். அதால கழட்டிக் காருக்குள்ள வச்சிட்டுத்தான் போறனான். இதை இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்தே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எதுவும் கேட்காமல் தட்டச்சு செய்தார். அது முடியும்வரை, நான் சொன்னது பிடிபடாத யாழ்ப்பாணத்துக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் வாசலில் கேட்டார்: "எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டீங்கள்தானே?"

"ஓம் அண்ணை."

நான் பொய் சொல்லவில்லை. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார்.

இப்போதெல்லாம் யாராவது தங்கச்சி என்று கூப்பிட்டால், அவர் உட்காருமுன்பே எங்கள் விதியைச் சொல்லிவிடுகிறேன். அந்த அண்ணையிடம் மட்டும்தான் சொல்லாமல் விட்டேன்.