ஒரு கையால் திறக்கிற கத்தி

"கையில குடுக்காதீங்க பாய், கீழ வைங்க" என்று தியாகராசன் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். கத்தி கைமாறினால் சண்டை வரும் என்பது அவர் கட்சி. நீடாமங்கலம் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீலும் முகம் சுளிக்காமல் மடக்குக் கத்தியைக் கண்ணாடி மேசைமேல் வைப்பார். பிறகுதான் இவர் தொடுவார். ஒன்றரை மாதமாக இதே கூத்து. ஒன்றாவது வாங்கினால்தானே!

சும்மா வேடிக்கை பார்க்கிற ஆளும் இல்லை. மஞ்சள் பையில் பரீட்சைச் சாமான் வைத்திருப்பார்: ஒரு முழம் சணல் கயிறு, உரச்சாக்குத் துண்டு, கொல்லையில் பறித்த கொய்யாக்காய். சணல் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். சாக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அலகு ஆள்காட்டி விரலைவிட நீளமாக இருந்தால், "நான் என்ன கறிக்கடையா வச்சிருக்கேன்?" என்று திருப்பி வைத்துவிடுவார். வெட்டிய கொய்யா கடையில் நிற்பவர்களுக்கு. நான் அங்கே அடிக்கடி போவதற்கு அதுவும் ஒரு காரணம், ஒளிப்பானேன்!

ஐந்து ஏக்கர் நெல் போடுகிற மனிதர். சட்டைப்பையில் கத்தி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இந்தத் தை அறுவடையில் மிஷின் பெல்ட் அவருடைய இடது கையை இழுத்துவிட்டது. விரல்கள் தப்பின, மடங்கத்தான் மாட்டேன் என்கின்றன. பழைய கத்தியோ, ஒரு கையில் பிடித்து மறு கை நகத்தால் இழுத்தால்தான் திறக்கும். பல்லால் இழுத்துப் பார்த்து, மனைவி மங்களாம்பிகையிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள்தான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து கத்தியைத் திறந்து தரையில் வைப்பார். இவர் எடுத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் பெருமை பேசுவார்.

"இப்படி வச்சு எடுக்குறதாலதான் சார், முப்பத்திநாலு வருஷமா எங்களுக்குள்ள சண்டையே கெடையாது."

"சண்டை போட கத்தி வேற வேணுமாக்கும்!" என்று உள்ளிருந்து குரல் வரும்.

சிரிப்பார். ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு ஆறவே இல்லை. கல்யாணமான நாள் முதல், சாயங்காலம் கொய்யாவோ மாங்காயோ கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி மனைவிக்குக் கொடுப்பது அவர் வேலை. தை மாதத்தோடு அது நின்றுபோயிற்று. "அவளுக்கு அரிஞ்சு குடுக்க அவளையே கூப்ட்டு கத்திய தொறக்கச் சொல்றதா? நல்லாவா சார் இருக்கு?" சொல்லும்போது குரல் கம்மிவிடும்.

பட்டனைத் தட்டினால் துள்ளித் திறக்கிற கத்தியைக் காட்டினார் ஜலீல். "வரப்புல குனியறப்ப பையிலயே தொறந்துக்கிட்டா யாரு பதில் சொல்றது?" அதுவும் கழிந்தது.

போன புதன்கிழமை ஜலீலின் மருமகள் சபிஹா, உள்ளறைப் பெட்டியைக் கிளறி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அலகில் வட்டமாக ஓர் ஓட்டை. "இதுல கட்டைவிரல வச்சு தள்ளிப் பாருங்க மாமா."

வலது கையில் எடுத்தார். தள்ளினார். 'டக்'. திறந்து, அசையாமல் நின்றது. தொடையில் வைத்து மூடினார். மறுபடி 'டக்'. ஒன்பது தடவை! கடையே கைதட்டியது. மனிதர் சணலையும் மறந்தார், சாக்கையும் மறந்தார். "பாய், இதான்!" என்று பணத்தை வைத்துவிட்டு ஓடினார். அன்று எங்களுக்குக் கொய்யா கிடைக்கவில்லை.

விடுவேனா? பின்னாலேயே போனேன். வாசற்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, "மங்களம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார்.

"இருங்க, வந்து தொறக்குறேன்" என்று இட்லி மாவு வழிகிற கையோடு ஓடிவந்தார் அந்த அம்மாள். அதற்குள் கொய்யா இடது உள்ளங்கைக்கு அடியில் நாலு துண்டாகி, உப்பும் மிளகாய்த்தூளும் ஏறியிருந்தது. தியாகராசன் கத்தியைப் பத்திரமாகத் தரையில் வைத்தார். ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மாள் கத்தியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கை கழுவப் போகவில்லை. மாவுக் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, குனிந்து, வாயைத் திறந்தார்.