தையூர் ஸ்டாப்பில் ஒரு தற்குறிப்பேற்ற அணி

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்றும் அதே ரோடு, அதே வண்டிதான். ஆனால் அந்த வருடம் நான் படித்ததுபோல் வாழ்க்கையில் எப்போதும் படித்ததில்லை. படித்தது பத்தாம் வகுப்புத் தமிழ். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

பள்ளியில் மற்ற எல்லாப் பாடத்திலும் எப்படியோ தப்பித்துவிட்டுத் தமிழில் கோட்டை விட்டவன் நான். கணக்கில் போனால் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். தமிழில் போனால் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் என் கல்யாணப் பேச்சின்போது தரகர், "பையன் பத்தாவது பாஸ்" என்று அடித்துவிட்டதை நான் மறுக்கவில்லை. சும்மா இருந்தேன். பதினைந்து வருடம் சும்மாவே இருந்துவிட்டேன்.

வந்தது வினை. வரும் ஜூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும் என்று என் மனைவி விசாரித்து வந்துவிட்டாள். மார்க் ஷீட்டை எடுத்து வை என்றாள். அது சதுரங்கப்பட்டினத்தில் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, மெதுவாக வாங்கி வருகிறேன் என்று புளுகினேன். அவளுக்குத் தெரியாமல் தனித்தேர்வராகத் தமிழை எழுதி, பாஸ் செய்து, அந்த மார்க் ஷீட்டை நீட்டிவிடுவது என் திட்டம். வீட்டில் புத்தகத்தைத் திறக்க வழியில்லை. வண்டிதான் வகுப்பறை.

செய்யுள், கடிதம், கட்டுரை எல்லாம் ஓரளவு பிடிபட்டன. அணி இலக்கணம்தான் படுத்தி எடுத்தது. அணிக்கு விளக்கம், அதற்குச் சான்றாக ஒரு பாட்டு, அந்தப் பாட்டில் அணி எப்படிப் பொருந்துகிறது என்று மூன்றும் வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினேன். ஸ்டாப்புக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டேன். கேளம்பாக்கத்தில் உவமை, தையூரில் தற்குறிப்பேற்றம், காலவாக்கத்தில் உருவகம், திருப்போரூரில் வஞ்சப்புகழ்ச்சி. ஆள் ஏறி இறங்கும் நேரத்தில் அந்த ஸ்டாப்பின் அணியை முணுமுணுப்பேன்.

தினமும் ஒன்பது மணிக்குத் தையூரில் ஓர் அக்கா ஏறுவார். திருப்போரூரில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் அம்மா. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று கடைசிவரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னாண்ணே இது, பேப்பர்லாம் ஒட்டி வெச்சிகினு கீற? பர்மிட்டா?"

"பரீட்சைக்குப் படிச்சிகினு கீறேங்க்கா. வெளில சொல்லிடாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தாளை எட்டிப் பிய்த்தெடுத்துக்கொண்டு, "சொல்லு, பாக்கலாம்" என்றார். அவரே எட்டாவதோடு நின்றவர். ஆனால் கடையில் வேலை இல்லாத நேரத்தில் வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பார். மறுநாள் அந்தத் தாளை லைனிங் துணியில் வைத்து, நாலு பக்கமும் மெஷினில் ஓரம் அடித்து, மாட்ட நாடாவும் வைத்துக் கொண்டுவந்தார். அதன்பிறகு தினமும் பதினைந்து நிமிடம் எனக்கு வாய்மொழித் தேர்வு.

வஞ்சப்புகழ்ச்சி மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் அக்கா வண்டியே கேட்கும்படி சொன்னார். "இன்னா வேகம்ண்ணே உன் வண்டி! காலைல ஏறினா சாயந்தரத்துக்குள்ள கண்டிப்பா திருப்போரூர் போயிடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "பாத்தியா, புகழ்ற மாதிரி திட்டினேன். இனிமே மறப்பியா?" என்றார். மறக்கவில்லை.

வீட்டுக்குத் தெரியாமல் பாஸ் செய்யும் என் திட்டத்தையும் அவரிடம் சொல்லியிருந்தேன். இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலவாக்கம் தாண்டியதும் கேட்டார்.

"ஏண்ணே, மார்க் ஷீட்ல வருஷம் போடுவாங்களே. இந்த வருஷம் பாஸ்னு இருந்தா வூட்ல இன்னா சொல்லுவ?"

நான் போட்ட பிரேக்கில் பின்சீட்டுக்காரர்கள் முன்சீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் திட்டம் போட்டவனுக்கு இது தோன்றவே இல்லை! "இன்னிக்கே சொல்லிடுண்ணே. வேற வழி இல்ல" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "தமிழ்லயா? நீ பேசற பேச்சுக்கு தமிழ்லயா ஃபெயிலு?" அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஃபெயிலானதைவிடப் பதினைந்து வருடம் மறைத்ததுதான் அவளுக்கு வலித்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அதே சமயம் மூச்சு விடவும் முடிந்தது. மூன்றாம் நாள், "பரீட்சை என்னிக்கு?" என்று கேட்டாள்.

இதை அக்காவிடம் சொன்னபோது என்னைவிட அவர்தான் சந்தோஷப்பட்டார். "நாளைக்கு உருவகம் கேப்பேன், படிச்சிட்டு வா" என்று சொல்லி இறங்கினார். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கடை பூட்டியிருந்தது. மாமனாருக்கு உடம்பு முடியாமல் வாணியம்பாடிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள் என்று ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். போன் நம்பர் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. தினமும் பார்க்கிறவரிடம் யார் நம்பர் கேட்கிறார்கள்?

பரீட்சை செங்கல்பட்டில். மனைவியும் கூடவே வண்டியில் வந்தாள். தாளைப் பிரித்ததும் கண்ணில் பட்டது அந்தக் கேள்விதான்: தற்குறிப்பேற்ற அணியைச் சான்றுடன் விளக்குக. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று விளக்கம் எழுதிவிட்டேன். சான்றுப் பாட்டு வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. கண்ணை மூடி, கேளம்பாக்கத்திலிருந்து மனதுக்குள் வண்டியை எடுத்தேன். தையூரில் நிறுத்தினேன். உப்பங்கழிக் காற்று அடித்தது, இடது பக்கப் படுதா படபடவென்று ஆடியது, ஏற யாரும் இல்லை.

அதையே எழுதினேன். 'காற்றில் வண்டியின் படுதா ஆடுவது இயல்பு. ஆனால் வராமல் போன ஒருவரை, வாங்க, உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று அது கைகாட்டி அழைப்பதாக ஓட்டுநர் கருதுகிறார். ஆகவே இது தற்குறிப்பேற்ற அணி.' எழுதி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. கண்காணிப்பாளர் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நாற்பத்து மூன்று மார்க் வந்தது. என் சொந்தச் சான்றுக்கு மார்க் போட்டார்களா, அடித்துவிட்டார்களா, தெரியாது. மார்க் ஷீட்டில் வருடம் இருந்த இடத்தில் மனைவி விரலை வைத்து, "நல்லா தெளிவா போட்டுகீறான்" என்றாள். அதற்குள் அந்த வேன் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

ஓரம் அடித்த அந்தத் தாள் இன்னும் கண்ணாடிக்குக் கீழே தொங்குகிறது. அக்கா எங்கிருந்தாலும் பத்திரிகை படிப்பதை விட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். அக்கா, நான் பாஸ். தையூர் வந்தால் இப்போதும் ஒரு நிமிடம் கூடுதலாகத்தான் நிறுத்துகிறேன். படுதா ஆடுவது காற்றால்தான் என்று தெரிந்தும், அதை இழுத்துக் கட்டிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.