எட்டா, மூன்றா

கொழும்பில் அக்காவுக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். எனக்குத் திருச்சியிலிருந்து மாலை விமானம். இலங்கைக்கு ஆன்லைனில் வாங்க வேண்டிய பயண அனுமதியை நானே செல்போனில் வாங்கியிருந்தேன். அதைப் பிரிண்ட் எடுக்கத்தான் திருமயம் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

அங்கிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். எந்தத் தாளையும் விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்த பிறகே கொடுப்பார்.

“பஸ்ஸு போயிரும், சீக்கிரம் குடுங்க!” என்று கத்தினேன்.

“பாஸ்போர்ட்டக் குடுங்கண்ணே,” என்றார், நிமிராமல். விரல் ஓரிடத்தில் நின்றது. “பாஸ்போர்ட் நம்பர்ல எட்டு இருக்கு. நீங்க மூணுன்னு போட்டிருக்கீங்க. ஏர்போர்ட்டுலயே நிப்பாட்டிருவாங்க.”

அவரே புதிதாக விண்ணப்பித்தார். ஒரு மணி நேரமாகியும் பதில் வரவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வராமப் போச்சுன்னா?”

“வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க தண்ணியக் குடிங்க.”

அனுமதி வந்ததும், எதற்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் வரை அக்கா என் கையை விடவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணிடம் போய், “அக்கா பொழச்சுக்கிட்டா,” என்றேன். அவர் தாளிலிருந்து விரலை எடுக்காமல் நிமிர்ந்தார்.

“எந்த அக்காண்ணே?” என்றார்.