ஆணியில் தொங்கிய டேக்

கலியன் ரிட்டயர் ஆக இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. மைன்ஸில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் மேலே கொண்டுவரும் பெல்ட்டில் அவருக்கு வேலை. பதினாறு வருஷம் காண்ட்ராக்ட், அப்புறம்தான் பெர்மனென்ட். பெல்ட்டுக்கு அடியில் சுற்றும் உருளைகளில் எது தேய்ந்துவிட்டது என்பதைப் பக்கத்தில் நடந்துபோகும்போதே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவருக்கு வீட்டில் தொல்லையாகிப்போனது. மனைவி மலர்கொடி இறந்த பிறகு அவர் குவார்ட்டர்ஸில் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

மலர்கொடி தினமும் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருவார். இருபத்தெட்டு வருஷம். அந்நேரத்தில் கலியன் ஷிப்டில் இருப்பார், இல்லையென்றால் நைட் ஷிப்டுக்காகத் தூங்குவார், இல்லையென்றால் கடைத்தெருவில் நிற்பார். ஒரு நாள்கூட மனைவி பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மலர்கொடி கேட்டது ஒன்றுதான்.

“நான் போனப்புறம் வெளக்க ஏத்திட்டு எழுந்து போயிடாதீங்க. அரை மணி நேரம் ஒக்காருங்க. சாமிய ஒண்ணும் கேக்க வேணாம். சும்மா ஒக்காருங்க.”

கலியன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆறு மாதம் ஆகியும் அதை ஒரு நாள்கூட முழுதாக நிறைவேற்ற முடியவில்லை. விளக்கேற்றுவார், உட்காருவார். ஐந்தாவது நிமிஷம் தண்ணீர் மோட்டார் நினைவுக்கு வரும். அடுப்பு நினைவுக்கு வரும். எழுந்துவிடுவார்.

“யாரோ கூப்ட்ட மாதிரி இருக்கும்மா. வெளிய வந்து பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

உட்காரப் பழக வேண்டும் என்றுதான் எங்கள் பிளாக்கின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தார்.

பூங்காவை ஒட்டி ஒரு பழைய வாசகசாலை அறை இருக்கிறது. வியாழக்கிழமை ஆறு மணிக்கு அங்கே பதினோரு பேர் பாயில் உட்காருவோம். நடுவில் ஒரு விளக்கு. படம் கிடையாது, பாட்டு கிடையாது, பேசுகிற குருவும் கிடையாது. கூட்டத்தை ஆரம்பித்தவர் சிங்காரவேல், பெல்ட் பகுதியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். வேலையிலிருந்து அவர் ஒரே ஒரு வழக்கத்தை இந்த அறைக்குக் கொண்டுவந்திருந்தார்.

நிறுத்திய பெல்ட்டின்மேல் ஏறி வேலை செய்யப் போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய தகர டேகை ஸ்விட்ச் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வேலை முடிந்து இறங்கி வந்தவர் தன் டேகைத் தானே எடுக்க வேண்டும். ஒருவர் டேகை இன்னொருவர் தொடக் கூடாது. கடைசி டேக் இறங்காமல் பெல்ட் ஓடாது.

வாசகசாலையின் கதவருகே சிங்காரவேல் ஒரு பலகையில் ஆணிகளை வரிசையாக அடித்து வைத்திருந்தார். உள்ளே வரும்போது டேகை மாட்ட வேண்டும். உட்கார்ந்து முடித்தவர் எழுந்துபோய்த் தன் டேகை எடுத்துக்கொண்டு மறுபடி இடத்தில் வந்து உட்கார வேண்டும். கடைசி டேகும் இறங்கிய பிறகு அவர் மணியடிப்பார். அதன் பிறகுதான் எல்லோரும் கிளம்புவோம். அவசரம் உள்ளவர் தன் டேகோடு முன்பே போகலாம், தடையில்லை. ஆனால் யாரும் போனதில்லை.

ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். மலைமேல் மடங்களிலும் கடலோரக் கூடங்களிலும் நூறு பேரோடு உட்கார்ந்து பார்த்தவள். அங்கெல்லாம் நான் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. இங்கே எனக்கும் ஓர் ஆணி இருந்தது.

முதல் நாளே கலியன் அரை மணி நேரமும் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்து செருப்பைத் தேடியவர் நிமிர்ந்து கேட்டார்.

“வூட்ல முடியாதது இங்க மட்டும் எப்டி முடியுது?”

தனகோடி பதில் சொன்னார். கேன்டீனில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண், குள்ளஞ்சாவடிக்காரர்.

“தனியா ஒக்காந்தா மனசு நம்மள இழுத்துகினு ஓடிடுதுண்ணே. இங்க பதினோரு பேரையும் சேத்து இழுக்கணுமே, அதுக்கு ஏது அவ்ளோ தெம்பு?”

எல்லோரும் சிரித்தோம். கலியன் சிரிக்கவில்லை.

“அப்ப இது என்னோட தெம்பு இல்லியே” என்றார். “அவ வூட்ல ஒக்காரச் சொன்னா. நான் ஊரைக் கூட்டிகினு ஒக்காந்துகினு இருக்கேன்.”

அந்த உறுத்தலோடுதான் ஐந்து மாதம் வந்தார். மனைவியின் வருஷத் தெவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று பத்து பேர் எங்கள் டேகை எடுத்துக்கொண்டோம். மணி அடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் கலியனின் பாய் காலியாக இருந்தது. செருப்பும் இல்லை. பலகையில் அவர் டேக் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் எப்போதோ சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கிறார். ஃபோன் செய்தோம், அவர் எடுக்கவில்லை.

“ஆளுதான் போயிட்டாரே. நாம எடுத்து வெச்சிட்டு மணிய அடிக்கலாம்ண்ணே” என்றார் பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸ்காரர் குமரவேல்.

சிங்காரவேல் அவரைப் பார்த்தார். “பெல்ட்ல இப்டித்தான் எடுப்பியா?”

“இது பெல்ட் இல்லியேண்ணே.”

“டேக் அதேதான்.”

குமரவேலின் குழந்தைக்குக் காய்ச்சல். விளக்கைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மற்றவர்கள் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டோம். தனகோடியின் ஃபோன் இரண்டு முறை பையில் அதிர்ந்து அடங்கியது.

அந்த நேரத்தில் கலியன் என்ன செய்தார் என்பதை அவரே பிறகு சொன்னார். தெவசம் நெருங்க நெருங்க, இங்கே உட்காருவது மலர்கொடியை ஏமாற்றுவதாகத் தோன்றியிருக்கிறது. இனி கூட்டத்துக்கு வருவதில்லை என்று முடிவுசெய்துதான் எழுந்து போயிருக்கிறார். வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்தார். வழக்கம்போல ஐந்து நிமிஷம். எழுந்து சட்டைப்பையில் கையை விட்டபோதுதான் டேக் இல்லை என்பது தெரிந்தது.

“எல்லாரும் போயிருப்பீங்கன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் பாத்தா, சிங்காரவேல் அண்ணன் மணியடிக்க மாட்டாரேன்னு தோணுச்சு. நீங்க ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டீங்க.”

உடனே ஓடிவர வேண்டும் என்றுதான் வாசல்வரை போயிருக்கிறார். அங்கே நின்றபோது, வியாழன்தோறும் கேட்டுப் பழகிய எங்கள் மூச்சு நினைவிலிருந்தே அவர் காதில் விழுந்திருக்கிறது. சிங்காரவேல் மூச்சில் ஒரு சின்ன விசில் உண்டு. தனகோடி பத்து மூச்சுக்கு ஒரு தடவை பெருமூச்சு விடுவார். நான் முதல் பத்து நிமிஷம் நெளிந்துகொண்டே இருப்பேனாம். தேய்ந்த உருளையைப் பிரித்துச் சொல்வதுபோல ஒவ்வொருவரையும் அவரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. திரும்பிப் போய் விளக்கின் முன்னால் உட்கார்ந்தார். மோட்டார் நினைவுக்கு வந்தபோது, பத்து பேர் தனக்காக எழுந்திருக்காமல் இருப்பதும் நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்தபோது ஏழரை தாண்டியிருந்தது.

அறைக்குள் அவர் வந்தபோது ஏழே முக்கால். டேகை எடுத்தார். மணி அடித்தது. அவராகத்தான் பேசினார்.

“மன்னிச்சிருங்க. ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டேன்.”

“அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே” என்றார் தனகோடி, மரத்துப்போன காலை நீட்டியபடி. “எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்கு ஓட்டல் இட்லிதான். அவருகிட்ட வந்து நீங்களே சொல்லிடுங்க.”

கலியன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“உங்க எல்லாரு மூச்சும் எனக்குத் தெரியுது. அவ மூச்சு தெரியலியே” என்றார்.

“ராத்திரியில தூங்கும்போது கேட்டிருப்பீங்களே” என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

“தூங்குற மூச்சு வேறம்மா. ஒக்காந்திருக்குற மூச்சு வேற. ஒரு நா கூட ஒக்காந்திருந்தாக் கேட்டிருப்பேன்.”

சிங்காரவேல் அணைக்கப் போன விளக்கை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தனகோடியும் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

கிளம்பும்போது தனகோடி கேட்டார். “ஞாயித்துக்கெழம நாங்களும் வந்து கூட ஒக்காரட்டுமாண்ணே?”

“காலையில சோறு சாப்புட எல்லாரும் வாங்க. ஆறு மணிக்கு வேணாம்மா. நீங்க எங்க இருந்தாலும் எனக்குக் கேக்கும்.”

ஞாயிறு மாலை கடைக்குப் போகிற வழியில் அவர் குவார்ட்டர்ஸைத் தாண்டினேன். கதவு திறந்திருந்தது. மலர்கொடியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவர் முதுகு தெரிந்தது. நிலைக்கட்டையில் புதிதாக ஓர் ஆணி, அதில் அவர் டேக்.

பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி ஆறே முக்கால். டேக் இன்னும் ஆணியில்தான் இருந்தது. சத்தம் கேட்காதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.