பதிவேட்டின் கடைசி வார்த்தை

தோட்ட மருந்தகப் பதிவேட்டில் இராக்கம்மாவின் பெயருக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: “வயது 54. பத்து வருடமாகச் சீனி வருத்தம். நெஞ்சுவலி இல்லை. சாந்தமானவர். சோம்பல்.”

வயதும் சீனியும், அதாவது சர்க்கரை நோயும், சரி. சாந்தத்தைப் பொறுத்தவரை, பக்கத்துக் காம்பராச் சேவல் கீரைப் பாத்தியைக் கிளறியதற்காக அந்த வீட்டோடு பதினொரு வருடமாகப் பேசாதவர் அவர். சேவல் செத்தே பத்து வருடமாகிறது. சோம்பலோ, முப்பத்தைந்து வருடம் பசறைப் பக்கத்து மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்து வந்த சோம்பல்.

எழுதியவர் மருந்தாளர் கஜேந்திரன். அவர் டொக்டர் அல்ல. ஆனால் லயத்து வீடுகளில் எல்லோரும் டொக்டரய்யா என்றார்கள், அவரும் மறுத்ததில்லை. ஏழாம் நம்பர் மலையில் பாதி ஏறுமுன் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் திணறுகிறது என்று இராக்கம்மா போய் நின்றபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“நெஞ்சு வலிக்குதா?”

“இல்லீங்க.”

“அப்ப ஒரு வருத்தமும் இல்ல. மலைக்குப் போ.”

கூடவே எழுதிய கடைசி வார்த்தையால், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உட்கார்ந்த வேலை இராக்கம்மாவுக்குக் கிடைக்காமல் போனது.

பதுளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த யாழ்ப்பாணத்து டொக்டர் துவாரகா வேறு கதை சொன்னார். “அம்மா, கன காலம் சீனி இருந்தால் நரம்பு மரத்துப்போகும். இருதயம் களைச்சாலும் சில பேருக்கு நோகாது. உங்கட இருதயம் பாதிப் பலத்திலதான் வேலை செய்யுது. இனி மலை ஏறக்கூடாது.” கடிதமும் கொடுத்தார்.

கஜேந்திரன் அதைப் படித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார். “பதுளைச் சட்டம் பதுளைக்கு. நான் எழுதினா எழுதினதுதான்.”

இராக்கம்மா சண்டை போடவில்லை. தெரிந்தவர்கள் அதற்குத்தான் பயந்தார்கள்.

மூன்று மாதம் கஜேந்திரனைக் கவனித்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இடங்களில் இராக்கம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் நிற்பார். அதே இடங்களில் கஜேந்திரன் போனைப் பார்ப்பதுபோல் நின்றார். அங்கே சிக்னல் கிடையாது. சப்பாத்து லேஸையும் அவர் கட்டுவதில்லை. கால் வீக்கம் விடவில்லை. அவருக்கும் சீனி என்பது ஊருக்கே தெரியும், அவருடைய பதிவேட்டைத் தவிர.

“அவருகிட்ட சொல்லித் தொலையேன்டி” என்றாள் கூடப் பறிக்கும் வேலாயி.

“எனக்கென்னடி தெரியும்? நான் சோம்பேறி.”

மாதம் ஒருநாள் மலையிலேயே எல்லோருக்கும் சீனி பார்ப்பார்கள். ஆட்கள் கீழே இறங்கினால் கொழுந்து நஷ்டம் என்பதால் மருத்துவம் மேலே ஏறியது. அன்று பதிவேட்டோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து சேர்ந்த கஜேந்திரன் பெட்டியைத் திறக்கவில்லை. சாக்கின்மேல் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது, உதடு நீலம்.

இராக்கம்மா முன்னால் போய் நின்றார். “நெஞ்சு வலிக்குதாங்களா, டொக்டரய்யா?”

“இல்ல... மூச்சு...”

“வலிக்கலையா? அப்ப ஒரு வருத்தமும் இல்லீங்க. சோம்பல்.”

பெண்கள் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். கங்காணி வீரய்யா ஆள் பிடித்து அவரைக் கொழுந்து லொறியில் ஏற்றினார். லொறி நகரவில்லை. அதன் முன்னால் இராக்கம்மா, கையில் பதிவேடு.

“ஏம்மா, மனுசன் போயிருவாருமா!”

“போகட்டும் கங்காணி. அந்த வார்த்தைய வெட்டிட்டுப் போகட்டும்.”

வீரய்யாவே பதிவேட்டை வாங்கி மேலே நீட்டினார். கஜேந்திரன் சோம்பலை வெட்டினார்.

“பக்கத்துல கையெழுத்து?” என்றார் இராக்கம்மா. அதுவும் விழுந்தது.

கஜேந்திரன் பிழைத்தார். பதுளையில் அவருக்கும் அதே ஸ்கேன், அதே பதில். இராக்கம்மா இப்போது பிள்ளைக் காம்பராவில் இருக்கிறார். வருந்தியதாகத் தகவல் இல்லை. லயத்தில் பாதிப்பேர் அவர் டொக்டரய்யாவைக் காப்பாற்றினார் என்கிறார்கள், பாதிப்பேர் கொல்லப் பார்த்தார் என்கிறார்கள்.

அன்று கையெழுத்து விழும்வரை இராக்கம்மா லொறியை மறித்து நின்றார். விழுந்ததும் பின்னால் ஏறி, பசறை ஆஸ்பத்திரி வரை, கஜேந்திரன் படுத்துவிடாதபடி முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.